நோவா ஏற்றியது இரண்டிரண்டா, ஏழேழா? எபிரெய வேதத்தின் முன்பகுதியில் இடறும் இடங்கள்

கேள்வி: "ஆதியாகமத்தில் தொடங்கி சாமுவேல் புத்தகங்கள் வரை முதன்முறையாக வரிசையாகப் படித்தேன். நோவா விலங்குகளை ஒவ்வொரு ஜோடியாக ஏற்றினாரா, ஏழேழாகவா? யோசேப்பை எகிப்துக்கு விற்றது யார்? எகிப்தில் 430 ஆண்டுகள் என்பது எப்படிக் கணக்குக்கு வரும்? கோலியாத்தைக் கொன்றது தாவீதா, எல்க்கானானா? இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விளக்கம் உண்டா?"

பொதுவான விளக்கம் கிடையாது. இவை நான்கும் ஒரே வகைச் சிக்கல் அல்ல. ஒன்று, இரண்டு பழைய மரபுகளைச் சேர்த்துத் தைத்த இடத்தில் வருவது. இன்னொன்று, பிரதி எடுத்தவர் கண் தவறியதால் வந்தது. மற்றொன்று, காலக்கணக்கை வெவ்வேறு சமூகங்கள் வெவ்வேறு விதமாகக் கட்டியதால் வந்தது. முதலில் எந்த வகை என்று பார்த்துவிட்டுத்தான் விடை தேட வேண்டும். "எல்லாம் முரண்பாடு, தள்ளு" என்பவர்களும் "முரண்பாடே இல்லை, நீ சரியாகப் படிக்கவில்லை" என்பவர்களும் இந்த முதல் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

நோவாவிலிருந்து தொடங்கலாம். ஆதியாகமம் 6:19-20இல் ஒவ்வொரு வகையிலும் ஓர் ஆண், ஒரு பெண், ஆக இரண்டு. 7:2-3இல் சுத்தமானவற்றில் ஏழேழு ஜோடி, சுத்தமில்லாதவற்றில் ஒவ்வொரு ஜோடி. 7:8-9இல் எல்லாம் மறுபடி இரண்டிரண்டாகப் பேழைக்குள் நுழைகின்றன. மரபான விளக்கம் எளிது: 6ஆம் அதிகாரம் பொதுக் கட்டளை, 7ஆம் அதிகாரம் அதற்கான விவரம். இதை அபத்தம் என்று ஒதுக்க முடியாது. இந்த ஒரு முரண் மட்டும் இருந்திருந்தால் இந்த விளக்கமே போதும்.

ஆனால் இது தனியாக நிற்கவில்லை. மனிதரின் தீமையைக் கடவுள் காண்பது இரண்டு முறை வருகிறது (6:5, 6:12). குடும்பம் பேழைக்குள் போவது இரண்டு முறை (7:7, 7:13). உயிரெல்லாம் மாள்வது இரண்டு முறை (7:21, 7:22-23). இனி இப்படி அழிப்பதில்லை என்ற வாக்கு இரண்டு முறை (8:21, 9:11). மழை 40 நாள் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. தண்ணீர் 150 நாள் ஓங்கி நின்றது என்று இன்னொன்று ஓடுகிறது.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தமிழில் நீண்ட நாளாகப் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு இதற்கு வசதியானது. எபிரெய மூலத்தில் கடவுளைக் குறிக்கும் பொதுச்சொல்லான "எலோகிம்" வரும் இடத்தில் அது "தேவன்" என்றும், "யாவே" என்ற நான்கெழுத்துத் திருப்பெயர் வரும் இடத்தில் "கர்த்தர்" என்றும் போட்டிருக்கிறது. பொது மொழிபெயர்ப்பு வைத்திருந்தால் "கடவுள்", "ஆண்டவர்" என்று பாருங்கள். இரண்டு நிறப் பென்சில்களை எடுத்துக்கொண்டு 6 முதல் 8 வரையிலான அதிகாரங்களில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிறம் தீட்டுங்கள். அதன்பின் அந்தந்தப் பெயரைச் சுற்றியுள்ள எண்களையும் அதே நிறத்தில் தீட்டுங்கள். "கர்த்தர்" வரும் பக்கத்தில் ஏழேழு, 40 நாள் மழை, கடைசியில் பலி. "தேவன்" வரும் பக்கத்தில் ஒவ்வொரு ஜோடி, 150 நாள், மாதம் தேதியோடு கூடிய நாட்காட்டி, பேழையின் முழ அளவுகள். பெயரும் எண்ணும் கூறியது கூறலும் ஒரே கோட்டில் பிரிகின்றன. இங்கே இரண்டு கதையோட்டங்கள் இருக்கின்றன என்ற வாதத்தின் பலம் இந்த மூன்றும் சேர்ந்து வருவதில்தான் இருக்கிறது. தனித்தனியே எடுத்தால் ஒன்றுமே நிரூபணமாகாது. பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஆஸ்ட்ரக் 1753இல் தம் பெயர் போடாமல் வெளியிட்ட நூலில் செய்தது ஏறக்குறைய இதைத்தான்: ஆதியாகமத்தை இறைப்பெயர் வாரியாகப் பத்திகளாகப் பிரித்துக் காட்டினார். அவர் மோசேயே இந்தப் பழைய குறிப்புகளைத் தொகுத்தார் என்று நம்பியவர். இது நாத்திகர் கிளப்பிய விவகாரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரித்துப் பார்த்தால் ஏழேழு ஏன் என்பதும் விளங்கிவிடும். 8:20இல் நோவா சுத்தமான மிருகங்களிலும் பறவைகளிலும் சிலவற்றைத் தகனபலியாகச் செலுத்துகிறார். ஒரே ஜோடியை ஏற்றியிருந்து அதில் ஒன்றைப் பலியிட்டால் அந்த இனமே அதோடு முடிந்தது. பலி இருக்கும் கதைக்குக் கூடுதல் விலங்குகள் வேண்டும். மற்ற ஓட்டத்தில் பலியே இல்லை. அந்த மரபின்படி பலிமுறையும் சுத்தம், அசுத்தம் என்ற பிரிவும் சீனாய் மலைக்குப் பிறகு, லேவியராகமத்தில்தான் வருகின்றன. அதனால் அங்கே ஒரு ஜோடி போதும்.

இந்தச் சோதனை எங்கே காலை வாரும் என்பதையும் சொல்ல வேண்டும். 7:16ஐப் பாருங்கள்: ஒரே வசனத்தில் இரண்டு பெயரும் வருகின்றன. 7:8-9இல் சுத்தம், அசுத்தம் என்ற பேச்சும் இருக்கிறது. கூடவே "தேவன் கட்டளையிட்டபடி", "ஜோடு ஜோடாக" என்பதும் இருக்கிறது. அதாவது தொகுத்தவர் வெறுமனே வெட்டி ஒட்டவில்லை, இரண்டையும் இழைத்திருக்கிறார். இன்னொன்று: இறைப்பெயர் அடையாளம் யாத்திராகமம் 6ஆம் அதிகாரத்தோடு பயனற்றுப்போகிறது. அங்கே மோசேக்குத் திருப்பெயர் வெளிப்பட்ட பிறகு இரண்டு மரபுகளும் அதையே பயன்படுத்துகின்றன. அதற்குப் பின் வரும் பகுதிகளில் பென்சிலை எடுத்தால் கண்டபடி நிறம் விழும், ஒன்றும் புரியாது. தவிர, 7 நாள், 40 நாள், 150 நாள் என ஏறி, 150, 40, 7 என இறங்கும் அமைப்பைக் காட்டி முழுக்கதையும் ஒரே கையின் வேலை என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. அந்த அமைப்பு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது கடைசியாக நெய்தவரின் திறமையைத்தான் காட்டுகிறதே தவிர, நூல் இரண்டு இல்லை என்பதைக் காட்டவில்லை என்பது என் கணிப்பு.

நாட்காட்டி தனியாக ரசிக்கத்தக்கது. நோவாவின் 600ஆம் வயதில் 2ஆம் மாதம் 17ஆம் தேதி வெள்ளம் தொடங்குகிறது. 7ஆம் மாதம் 17இல் பேழை அரராத் மலைகளில் தங்குகிறது. சரியாக ஐந்து மாதம், 150 நாள். ஆகவே மாதத்துக்கு 30 நாள். தரை முழுதும் காய்வது மறு வருடம் 2ஆம் மாதம் 27. இங்கே ஆண்டை மட்டும் சந்திர ஆண்டாகக் கொண்டு, அதன் 354 நாளோடு, 17 முதல் 27 வரை இரண்டையும் சேர்த்து எண்ணிய 11 நாளைக் கூட்டினால் 365, ஒரு சூரிய ஆண்டு. எபிரெய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் வெள்ளம் 27இல் தொடங்கி மறு வருடம் 27இல் முடிகிறது. நாட்கணக்கு எவ்வளவு கவனமாகப் போடப்பட்டது, பிறகு எவ்வளவு கவனமாகத் திருத்தப்பட்டது என்பதற்கு இந்தப் பத்து நாள் வித்தியாசமே சாட்சி.

யோசேப்பின் கதையும் தையல் தெரியும் இடம்தான், ஆனால் இங்கே நோவா கதை அளவுக்கு உறுதியாகப் பேச முடியாது. ஆதியாகமம் 37இல் ரூபன் தம்பியைக் காப்பாற்றப் பார்க்கிறார், குழியில் போடச் சொல்கிறார். பிறகு இஸ்மவேலர் கூட்டம் வர, யூதா விற்கலாம் என்கிறார். உடனே 28ஆம் வசனத்தில் மீதியானிய வணிகர் கடந்துபோகிறார்கள்; யோசேப்பைத் தூக்கியெடுத்து 20 வெள்ளிக்கு இஸ்மவேலரிடம் விற்கிறார்கள். எடுத்தது யார்? வாக்கியத்தின் அருகிலுள்ள எழுவாய் மீதியானியர். சில மொழிபெயர்ப்புகள் "சகோதரர்கள்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சிக்கலை மூடிவிடுகின்றன. ரூபன் திரும்பிவந்து வெறுங்குழியைக் கண்டு உடையைக் கிழித்துக்கொள்கிறார். 37:36இல் எகிப்தில் போத்திபாருக்கு விற்றவர்கள் மீதியானியர். 39:1இல் போத்திபார் வாங்கியது இஸ்மவேலரிடம்.

12ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ரஷ்பாம் இலக்கணத்தை அப்படியே பின்பற்றினார்: சகோதரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வழிப்போக்கரான மீதியானியர் அவர்களுக்குத் தெரியாமல் தூக்கிப்போனார்கள். யோசேப்பே 40:15இல் "நான் எபிரெயருடைய தேசத்திலிருந்து களவாய்க் கொண்டுவரப்பட்டேன்" என்கிற பொருளில் பேசுவது இதற்குப் பொருந்தும். அவரே 45:4இல் "நீங்கள் விற்ற யோசேப்பு" என்பது பொருந்தாது. ரஷ்பாமின் பாட்டனார் ராஷி, யோசேப்பு கைமாறிக் கைமாறிப் பல முறை விற்கப்பட்டார் என்றார். நியாயாதிபதிகள் 8:24 மீதியானியரையே இஸ்மவேலர் என்று அழைப்பதால் இரண்டும் ஒரே கூட்டம் என்பது மூன்றாவது வழி. அப்படியானால் 28ஆம் வசனத்தில் அவர்கள் யோசேப்பைத் தங்களுக்கே விற்றுக்கொண்டார்களா என்ற கேள்வி வரும். அதைத் தவிர்க்க, தூக்கியெடுத்தவர்கள் சகோதரர்களே என்று கொள்ள வேண்டும். ரூபனும் மீதியானியரும் ஒரு மரபு, யூதாவும் இஸ்மவேலரும் இன்னொரு மரபு என்று பிரித்தால் இரண்டும் தனித்தனியே தெளிவாக ஓடுகின்றன. ஆனால் நோவா கதையில் கிடைத்த இறைப்பெயர்த் துணை இங்கே கிடையாது.

இனி எண்கள். இதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்நூலுக்கு நம் கையில் இருக்கும் பாடம் (மூல வாசக வடிவம்) ஒன்றல்ல, மூன்று. யூதர் பேணிய மாசோரெத்து எபிரெயப் பாடம், சமாரியர் பேணிய எபிரெய ஐந்நூல், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிரேக்கத்துக்குப் போன செப்துவஜிந்து. கதையில் மூன்றும் பெரும்பாலும் ஒத்துப்போகும். எண்களில் அப்படியல்ல. ஆதாம் தொடங்கி வெள்ளம் வரை மாசோரெத்தில் 1656 ஆண்டு, சமாரியத்தில் 1307, கிரேக்கத்தில் 2242.

ஆதியாகமம் 5இல் ஒவ்வொருவருக்கும் மகன் பிறந்த வயதை மட்டும் எடுத்துக் கூட்டிக்கொண்டே வாருங்கள், கடைசியில் நோவாவின் 600ஐச் சேருங்கள். மாசோரெத்தில் மெத்தூசலாவுக்கு 187இல் லாமேக்கு, லாமேக்குக்கு 182இல் நோவா, பிறகு 600. கூட்டினால் 969. மெத்தூசலாவின் மொத்த ஆயுளும் 969. வெள்ளம் வந்த அதே வருடம் மரணம். கிரேக்கத்தில் 167, 188, 600, கூட்டுத்தொகை 955. ஆயுள் அதே 969தான். ஆகவே பேழையில் ஏறாத மெத்தூசலா வெள்ளத்துக்குப் பிறகும் 14 ஆண்டு உயிரோடு இருந்தாக வேண்டும்! கிரேக்க வேதம் படித்த பழைய திருச்சபையினர் இதைக் கண்டு திணறினார்கள்; எரோணிமுஸ், அகுஸ்தீன் இருவருமே இதைப் பேர்போன கேள்வியாகக் குறிப்பிடுகிறார்கள். பிரதி எடுத்ததில் வந்த பிழை, எபிரெய எண்ணையே நம்பலாம் என்பது அகுஸ்தீனின் தீர்ப்பு. சில கிரேக்கப் பிரதிகளில் 167ஐ 187 என்று யாரோ திருத்தியும் வைத்திருக்கிறார்கள்.

சமாரியப் பாடத்தைப் பார்த்தால் வேறொன்று தெரியும். அங்கே யாரேத், மெத்தூசலா, லாமேக்கு மூவருமே வெள்ள வருடத்தில்தான் சாகிறார்கள். யாரேத்துக்கு மகன் பிறந்தது 62இல். பிறகு ஏனோக்கின் 65, மெத்தூசலாவின் 67, லாமேக்கின் 53, நோவாவின் 600. கூட்டினால் 847. அதுதான் அங்கே யாரேத்தின் ஆயுள். ஒருவருக்கு மட்டும் நடந்தால் தற்செயல் எனலாம், மூவருக்கும் நடக்காது. யாரும் வெள்ளத்தைத் தாண்டி வாழ்ந்துவிடக் கூடாது என்று கணக்கை உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார்கள். இந்த எண்களை உடலியல் செய்தியாக எடுத்து "அந்தக் காலத்தில் காற்று சுத்தம்" என்று விளக்குவது, ஒரு கணக்குப் புத்தகத்தை மருத்துவக் குறிப்பாகப் படிப்பது போன்றது.

எகிப்தின் 430 ஆண்டும் இதே குடும்பம். யாத்திராகமம் 12:40 இஸ்ரவேலர் எகிப்தில் 430 ஆண்டு குடியிருந்தார்கள் என்கிறது. ஆனால் 6ஆம் அதிகாரம் தரும் வம்சம் லேவி, கோகாத், அம்ராம், மோசே. கோகாத் எகிப்துக்கு வந்தபோதே பிறந்திருந்தவர் (ஆதி. 46:11). அவர் ஆயுள் 133, அம்ராம் ஆயுள் 137, வெளியேறும்போது மோசேக்கு 80. ஒவ்வொருவரும் இறக்கும் வருடத்தில்தான் பிள்ளை பெற்றார்கள் என்று வைத்துக்கொண்டாலும் 350ஐத் தாண்டாது.

சமாரியப் பாடமும் கிரேக்கப் பாடமும் இதே வசனத்தில் "எகிப்திலும் கானானிலும்" குடியிருந்த காலம் 430 என்கின்றன. அப்போது கணக்கு இப்படி: ஆபிரகாம் கானானுக்கு வந்தது 75 வயதில், ஈசாக்கு பிறந்தது 100 வயதில், ஆக 25. ஈசாக்கின் 60ஆம் வயதில் யாக்கோபு. யாக்கோபு எகிப்துக்கு வந்தது 130இல். மொத்தம் 215. மீதி 215 எகிப்தில், சரிபாதி. கலாத்தியர் 3:17இல் பவுல், ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குக்கும் நியாயப்பிரமாணத்துக்கும் இடையில் 430 என்று சொல்வது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. யூத மரபு ஆதியாகமம் 15:13இன் 400 ஆண்டை ஈசாக்கின் பிறப்பிலிருந்து எண்ணி, எகிப்தில் 210 என்று கொள்கிறது.

எது மூலம்? "கானானிலும்" என்பது சிக்கலைத் தீர்க்கச் சேர்த்த சொல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கடினமான பாடத்தை எளிதாக்குவார்கள், எளிதானதை யாரும் வேண்டுமென்றே கடினமாக்க மாட்டார்கள் என்பது பாடபேத ஆய்வின், அதாவது பிரதிகளுக்கு இடையிலான வேறுபாடுகளை ஆராயும் துறையின், பழைய விதி. மேலும் 1 நாளாகமம் 7இல் யோசேப்பின் மகன் எப்பிராயீமிலிருந்து யோசுவா வரை ஏறத்தாழ பத்துத் தலைமுறை வருகிறது. அந்த வம்சத்துக்கு 430 இயல்பாகப் பொருந்தும், 215தான் நெருக்கடி. மோசேயின் நான்கு தலைமுறை, நடுவில் சில பெயர்களை விட்ட சுருக்கப் பட்டியலாகவும் இருக்கலாம்.

எண்ணைப் பற்றிப் பேசும்போது, கேட்காவிட்டாலும் 6,03,550ஐ விட முடியவில்லை. எண்ணாகமம் 1:46இல் 20 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் இத்தனை பேர். 3:43இல் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட ஆண் தலைப்பிள்ளைகள் 22,273. வகுத்துப் பாருங்கள்: ஒரு தலைப்பிள்ளைக்கு 27 பேர், அதுவும் வயது வந்த ஆண்கள் மட்டும். அதாவது குடும்பத்துக்கு இத்தனை மகன்கள் இருந்தாக வேண்டும். "ஆயிரம்" என்பதற்கான எபிரெயச் சொல்லுக்குப் படைப்பிரிவு, குலம் என்றும் பொருள் உண்டு, அப்படிப் படித்தால் எண் சில ஆயிரங்களாகக் குறையும் என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. முதலில் கேட்கும்போது நிம்மதியாக இருக்கும். ஆனால் யாத்திராகமம் 38:25-26 தலைக்கு அரைச் சேக்கல் (வெள்ளியின் எடை அளவு) வீதம் வசூலைச் சொல்கிறது: 100 தாலந்து, 1,775 சேக்கல். தாலந்துக்கு 3,000 சேக்கல். அதாவது 3,01,775, இரண்டால் பெருக்கினால் மிகச்சரியாக 6,03,550. எழுதியவர் ஆயிரத்தை ஆயிரமாகவே எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். இதற்கும் முந்தைய ஒரு பட்டியலில் வேறு பொருள் இருந்திருக்கலாம். நம் கையிலிருக்கும் நூலின் பொருள் அதுவல்ல.

கோலியாத் விவகாரம் முற்றிலும் வேறு ஜாதி. 1 சாமுவேல் 17இல் தாவீது கொல்கிறார். 2 சாமுவேல் 21:19இல் பெத்லெகேம் ஊரான் எல்க்கானான், காத் ஊரான் கோலியாத்தைக் கொல்கிறான். நெசவுத் தறிமரம் போன்ற ஈட்டிக்காம்பும் அங்கேயே வருகிறது. 1 நாளாகமம் 20:5இல் அதே எல்க்கானான் கொன்றது கோலியாத்தின் சகோதரன் லாகேமியை. சாமுவேலின் வசனத்திலும் "சகோதரன்" என்று சேர்த்து அச்சிட்ட மொழிபெயர்ப்புகள் உண்டு. அந்த இடத்தில் எபிரெயப் பாடத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. நாளாகமத்திலிருந்து கடன் வாங்கியது.

சாமுவேலின் அந்த வசனம் பிரதி எடுத்ததில் கெட்டுப்போயிருக்கிறது என்பதற்கு உள்ளேயே அடையாளம் இருக்கிறது. எல்க்கானானின் தகப்பன் பெயர் "யாரெயொர்கிம்" என்று வருகிறது. அதன் பின்பாதி "நெசவாளர்" என்ற சொல். அதே சொல் வசனத்தின் கடைசியில் தறிமரத்தோடு வருகிறது. எழுதியவரின் கண் கீழ்வரிக்குத் தாவி, அங்கிருந்த சொல்லைப் பெயரோடு ஒட்டிவிட்டது. நாளாகமத்தில் வெறும் "யாவீர்" என்பது போன்ற குட்டைப் பெயர்தான். இதை வைத்து நாளாகமமே சரியான பாடம் என்று சிலர் முடிக்கிறார்கள். ஆனால் "லாகேமி" என்ற பெயர் "பெத்லெகேமியன்" என்பதன் வால் போலவே ஒலிப்பதால், நாளாகமக்காரர் சிதைந்த வசனத்திலிருந்து ஒரு சகோதரனை உருவாக்கி முரண்பாட்டைத் தீர்த்தார் என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. எல்க்கானான் என்ற வீரனின் செயல் புகழ்பெற்ற அரசரின் பெயருக்கு நகர்ந்திருக்கலாம், அல்லது பெயரில்லாத ஒரு பெலிஸ்தனுக்குக் கோலியாத் என்ற பெயர் பிற்பாடு ஒட்டியிருக்கலாம். தாவீதின் கதைக்குள் "பெலிஸ்தன்" என்றே திரும்பத் திரும்ப வருவதும், "கோலியாத்" இரண்டே இடத்தில் வருவதும் இரண்டாவது ஊகத்துக்குத் துணை.

அந்த 17ஆம் அதிகாரத்தில் இன்னொரு இடறலும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 16:21-22இல் தாவீது ஏற்கெனவே சவுலின் அரண்மனையில் யாழ் வாசிப்பவர், ஆயுதம் சுமப்பவர். சவுலே ஈசாய்க்கு ஆளனுப்பியிருக்கிறார். ஆனால் 17:55இல் சவுல் அப்னேரிடம் "இவன் யாருடைய மகன்?" என்று கேட்கிறார். வாத்திகானுஸ் என்ற பழைய கிரேக்கப் பிரதியில் 17:12-31, 17:55 முதல் 18:5 வரை ஆகிய பகுதிகளே இல்லை. இல்லாமல் படித்தால் கேள்வியும் இல்லை. உயரமும் மாறுகிறது: மாசோரெத்தில் ஆறு முழம் ஒரு சாண், முழத்துக்கு 45 செ.மீ. என்று வைத்தால் 2.9 மீட்டர். அந்தக் கிரேக்கப் பிரதியிலும், சாக்கடலோரக் கும்ரானின் 4ஆம் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளிலும், முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதிய வரலாற்றிலும் நான்கு முழம் ஒரு சாண், ஏறத்தாழ 2 மீட்டர். மூன்று சாட்சிகள் ஒரு பக்கம் நிற்பதாலும், கதை சொல்லச் சொல்ல அரக்கர்கள் வளர்வார்களே ஒழியக் குறைய மாட்டார்கள் என்பதாலும் நான்கு முழத்தையே நம்பலாம்.

காயீனின் மனைவி யார் என்பது அடிக்கடி கேட்கப்பட்டாலும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 5:4 ஆதாமுக்கு வேறு மகன்களும் மகள்களும் உண்டு என்கிறது. அவள் சகோதரி என்று முடித்து, யூபிலிகள் என்ற பழைய யூத நூல் அவளுக்கு அவான் என்று பெயரும் வைத்துவிட்டது. உண்மையில் கடினமானது 4:14. "என்னைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் கொல்வான்" என்று காயீன் யாருக்குப் பயப்படுகிறார்? உலகில் ஏற்கெனவே மக்கள் நிறைந்திருந்த ஒரு கதை இங்கே முதல் குடும்பத்தின் கதையோடு சேர்க்கப்பட்டது என்பதே எளிய விடை.

மோசே தம் மரணத்தைத் தாமே எழுதினாரா என்பதும் அப்படித்தான். உபாகமத்தின் கடைசி எட்டு வசனத்தை யோசுவா எழுதினார் என்று பழைய யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தால்முதிலேயே ஒரு கருத்து உண்டு. மோசே கண்ணீரோடு எழுதினார் என்பது எதிர்க்கருத்து. ஆதியாகமம் 36:31 "இஸ்ரவேலை ராஜா ஆளுமுன்னே" ஏதோமில் ஆண்ட அரசர்களைப் பட்டியலிடுகிறது. இஸ்ரவேலுக்கு அரசர் வந்த பிறகு வாழ்ந்தவர்தான் இப்படி எழுத முடியும். 14:14இல் ஆபிரகாம் தாண் வரை துரத்துகிறார். அந்த ஊருக்குத் தாண் என்ற பெயர் வந்த கதை நியாயாதிபதிகள் 18:29இல்தான் இருக்கிறது.

அடுத்த முறை இப்படி ஓர் இடம் இடறினால், முதலில் வசனத்தை இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளில் ஒப்பிடுங்கள்; ஒன்றில் மட்டும் சிக்கல் இல்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் அதை மூடியிருக்கிறாரா என்று சந்தேகப்படுங்கள். அடுத்து அடிக்குறிப்பு. பொது மொழிபெயர்ப்பு போன்ற பதிப்புகளில் பக்கத்தின் அடியில் இருக்கும் பாடபேதக் குறிப்பைப் பாருங்கள். எண் என்றால் கூட்டிப் பாருங்கள். அதன்பின் அதே செய்தி பக்கத்தில் இன்னொரு முறை வருகிறதா, சாமுவேலுக்கு நாளாகமம் போல இணைப் பகுதி உண்டா என்று தேடுங்கள். இவ்வளவும் பார்த்தும் பிடிபடாவிட்டால்தான் உரைநூலைத் திறக்க வேண்டும். முதலிலேயே உரையைத் திறந்தால் கேள்வி என்ன என்று தெரிவதற்குள் விடை வந்துவிடும்.